பழைய கட்டணத்தின் கடைசி நாள்

என் வீட்டுக்காரரைப் பக்திமான் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். வெள்ளிக்கிழமை ஆம்லெட் போடச் சொல்லிக் கேட்கிற மனிதர். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் சன்னதியில் நிற்கிற நேரத்தைவிட கேன்டீனில் புளியோதரைக்கு நிற்கிற நேரம்தான் அதிகம். ஆனால் விசா, பாஸ்போர்ட், கிரீன் கார்டு என்று ஏதாவது ஒரு காகிதம் கைக்கு வந்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணமான புதிதில் சென்னையில் முதல் தடவை விசாவுக்குப் போனபோது ராகு காலத்தில் ஜன்னலுக்கு முன்னால் நின்றாராம். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை நல்ல நேரமாக அமைந்தது, விசாவும் கிடைத்தது. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தக் கிறுக்கு.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஜெர்சி சிட்டியில் எங்களைச் சுற்றி இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் இப்படித்தான். பகலெல்லாம் வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுவார்கள். சாயங்காலம் விசா நீட்டிப்புக் கவரை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் தொட்டு வைப்பார்கள். குங்குமம் பட்ட காகிதத்தை அந்த ஆபீசில் யார் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று நான் கேலி செய்வேன். கேலி செய்துகொண்டே நானும் ஒரு கற்பூரம் ஏற்றியிருக்கிறேன்.

எங்கள் மகள் ஈரோட்டில் பிறந்தவள். மூன்று வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்தோம். ஒரே பிள்ளை. அவள் முதல் வகுப்பு படிக்கும்போது இவருடைய கம்பெனி எங்களுக்காக கிரீன் கார்டு வரிசையில் இடம் போட்டது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று இங்கே இருக்கிற யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள். மாதாமாதம் அரசாங்கம் ஒரு தேதியை அறிவிக்கும். அந்தத் தேதிக்கு முன்பு வரிசையில் சேர்ந்தவர்கள் கடைசி மனுவைப் போடலாம். தேதி சில மாதம் முன்னால் நகரும், சில மாதம் அப்படியே நிற்கும், சில மாதம் பின்னாலும் போகும். ஏன் போகிறது என்று கேட்க ஆள் கிடையாது.

எனக்கும் அவருக்கும் அது எப்போது வந்தாலும் வந்துவிட்டுப் போகட்டும். பயம் எல்லாம் மகளைப் பற்றித்தான். இருபத்தொரு வயது முடிகிறவரைதான் பிள்ளைகள் பெற்றோரோடு ஒட்டிக்கொண்டு வரமுடியும். அதற்குள் மனு உள்ளே போய்விட்டால் சட்டப்படி அவள் வயது அங்கேயே நின்றுவிடும், கார்டு எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் அவளுக்கும் சேர்த்துத்தான் வரும். போகாவிட்டால் பிறந்தநாள் அன்றைக்கு எங்கள் விசாவிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். மூன்று வயதிலிருந்து வளர்ந்த ஊரில் அவள் வெளிநாட்டுக்காரி ஆகிவிடுவாள். நாங்கள் வரிசையில் நிற்போம், அவள் வரிசையிலேயே இருக்கமாட்டாள். அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்த கோடையில் எங்கள் தேதி வந்தது. அந்த வருஷக் கடைசியில் அவளுக்கு இருபத்தொன்று.

தேதி வந்துவிட்டது என்று இவர் வேலையிலிருந்து போன் செய்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த அழுகை காய்வதற்குள் அடுத்த செய்தி வந்தது. மறுமாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மனுக்களுக்கான கட்டணம் எல்லாம் மாறுகிறது. முன்பெல்லாம் கிரீன் கார்டு மனுவுக்கு ஒரு கட்டணம் கட்டினால் வேலை பார்க்கிற அனுமதியும் வெளிநாடு போய்வருகிற அனுமதியும் அதிலேயே வரும். இனி எல்லாவற்றுக்கும் தனித்தனி. படிவமும் புதிது. தபாலில் சேர்த்த தேதி எதுவோ அன்றைய கட்டணம்தான் இருக்கவேண்டும். குறைவாக இருந்தாலும் மனு திரும்பி வரும், அதிகமாக இருந்தாலும் திரும்பி வரும். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று கூடக் கட்டுவதற்கும் வழி இல்லை. அதற்கடுத்த மாதம் எங்கள் தேதி பின்னால் போகக்கூடும் என்றும் அரசாங்கத்தின் அறிவிப்பிலேயே ஒரு வரி இருந்தது.

கம்பெனி வக்கீல் தன் பங்கு முடிந்தது என்று சொல்லிவிட்டார். சொந்தமாக வக்கீல் வைக்கலாம் என்று நான் சொன்னேன். எல்லோரும் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத் தாங்களே போடுகிறார்கள், அவர்களைவிட நான் என்ன மட்டமா என்று இவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் வரி கட்டுவதிலிருந்து சமையலறைக் குழாய் மாற்றுவது வரை எல்லாம் அவரே செய்வார், ஒழுங்காகவும் செய்வார். சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம் பரப்பினார். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மகளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பிறந்த மறுவாரம் வாங்கியது. பெண் குழந்தை என்று இருக்கிறது, எங்கள் பெயர் இருக்கிறது, குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. நம் ஊரில் பெயர் சூட்டுவதற்கு முன்பே சான்றிதழ் வாங்கிவிடுவதுதானே வழக்கம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டது அப்படியே நின்றுவிட்டது. என் தம்பி மாநகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தான். அதிகாரி லீவு, சர்வர் டவுன், நாளைக்கு வாங்க என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. தம்பி அங்கே காத்திருக்கும்போது எனக்கு இங்கே தூக்கம் போயிற்று. ஒருவழியாகப் பெயர் சேர்ந்து வந்தபோது மாதத்தில் ஒரு வாரம் மிச்சம். பிறகு மருத்துவப் பரிசோதனை. டாக்டர் சீல் வைத்த கவர்களைக் கொடுத்தது கடைசி நாள், வியாழக்கிழமை மதியம். மறுநாள் புதுக் கட்டணம்.

எனக்கு அப்போதே மனசு சரியில்லை. இன்றைக்கு விட்டுவிட்டு, புதுப் படிவத்தில் புதுக் கட்டணத்தோடு நாளைக்கோ திங்களோ அனுப்பலாமே என்று சொன்னேன். மூன்று பேருக்கும் மறுபடி எல்லாவற்றையும் நிரப்பவேண்டும், அதில் ஒரு பெட்டியை விட்டுவிட்டால் அதற்கு ஒரு தடவை திருப்பி அனுப்புவார்கள் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்த நாட்களில் எது சொன்னாலும் நியாயமாகவும் பட்டது, பயமாகவும் இருந்தது.

பார்சல் கடை எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு டோனட் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். கவர் அவர் மடியில் இருந்தது. மூன்று பேருடைய படிவம், போட்டோ, செக், மருத்துவக் கவர் எல்லாம் உள்ளே வைத்து, தலையணை மாதிரி உப்பியிருந்தது. இறங்கப்போனேன். இரு என்று கையைப் பிடித்தார். ராகு காலமாம்.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. சரி, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று உட்கார்ந்தேன். மூன்று ஆயிற்று. மனிதர் அசையவில்லை. போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். ஏதோ ஒரு ஆப், நாம் இருக்கிற ஊரைச் சொன்னால் அந்த ஊர் சூரியனை வைத்துக் கணக்குப் போடுமாம்.

"காலண்டர்ல போட்டிருக்கறது ஈரோட்டு சூரியனுக்கு. இங்க சம்மர்ல எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு. இந்த ஊருக்கு ராகு காலம் நாலரைக்கு மேலதான் முடியுது" என்றார்.

"ராகு எந்த விசாவுல இங்க வந்தாருன்னு ஆப்புல போட்டிருக்கா?" என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கவர்மேல் வைத்த கையை எடுக்காமல் சொன்னார்.

"பதினேழு வருஷம் பொறுத்துட்டோம். ஒண்ணரை மணி நேரம் பொறுக்க மாட்டியா?"

கடைக் கதவில் ஏழு மணி வரை திறந்திருக்கும் என்று பெரிதாக எழுதியிருந்தது. அதனால் நானும் சண்டை போடவில்லை. வெயில் கொளுத்தியது. ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். மகள் கோடை வகுப்புக்குப் போய்விட்டு சாயங்காலம் வருவாள், அவளுக்குப் பிடித்த பீட்சா வாங்கிக்கொண்டு போகலாம் என்று பேசிக்கொண்டோம். நாலு மணி வாக்கில் ஒரு பார்சல் லாரி வந்து எங்களுக்கு நேர் எதிரே நின்றது. டிரைவர் உள்ளே போய்த் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து ஏற்றினான், கதவை இழுத்துச் சாத்தினான், போய்விட்டான். இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எத்தனை பேர் இன்றைக்கு அவசரமாக அனுப்புகிறார்கள் பார் என்று இவர்கூடச் சொன்னார்.

ராகு காலம் முடிந்தது. வலது காலை எடுத்து வைத்துப் போனார். நான் பின்னால் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கவரை எடை போட்டாள், லேபிள் ஒட்டினாள், ரசீது கொடுத்தாள். ரசீதில் அன்றைய தேதி இருந்தது. இவர் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். லேபிளில் என்ன தேதி இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. லேபிளில் தனியாக ஒரு தேதி இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மகள் வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்த்தாலே நிம்மதியாக இருந்தது. செக் இன்னும் பணமாகவில்லையே என்று ஒருநாள் கேட்டேன். எல்லோரும் கட்டண மாற்றத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள், மலையாகக் குவிந்திருக்கும், மெதுவாகத்தான் எடுப்பார்கள் என்றார். நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலை பார்க்கிற டேகேரிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெரிய கவர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. உள்ளே நாங்கள் அனுப்பிய எல்லாம் அப்படியே இருந்தது, எங்கள் போட்டோக்கள் உள்பட. மேலே ஒற்றைத் தாள். கட்டணம் சரியில்லை, ஆகவே மனு ஏற்கப்படவில்லை. நாங்கள் அனுப்பிய கவரையும் உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். அதன் லேபிளில் வெள்ளிக்கிழமைத் தேதி. ஒன்றாம் தேதி.

செருப்பைக்கூட மாற்றாமல் அந்த பார்சல் கடைக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். லாரி நாலு மணிக்கு வரும், அதற்குப் பிறகு கொடுப்பதெல்லாம் மறுநாள் கணக்கு, அந்தத் தேதிதான் லேபிளில் அச்சாகும் என்றாள். கவுன்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அட்டையில் அது எழுதியும் இருந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உட்கார் என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

இவருக்குப் போன் செய்தேன். பாதி வேலையில் ரயில் பிடித்து வந்தார். வந்ததும் பர்சிலிருந்து அந்த ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாரு, தேதி சரியாத்தானே இருக்கு, சரியாத்தானே இருக்கு என்று என்னிடம் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. நிஜமாகவே கை ஓங்க வந்தது. லாரி நம்ம கண்ணு முன்னாலதானேங்க போச்சு என்று மட்டும்தான் சொன்னேன். அவர் தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டார்.

சனி, ஞாயிறோடு அந்த மாதம் முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து எங்கள் தேதி பல வருஷம் பின்னால் போகிறது என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அன்றைக்கே பணம் கட்டி ஒரு வக்கீலிடம் போனில் பேசினோம். திருப்பி அனுப்பிய மனு, மனுவே போடாததற்குச் சமம் என்றார். புதுக் கட்டணத்தோடு மறுபடி அனுப்பினாலும் இந்த மாதத்துக்குள் அந்த ஆபீஸ் அதைக் கையில் வாங்கவேண்டும், சனி ஞாயிறில் யார் வாங்குவார்கள் என்றார். விளக்கம் எழுதி அனுப்பிப் பாருங்கள், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றும் சொன்னார். அவர் பேசிய தன்மையில் ஒரு குறையும் இல்லை.

இவர் கேட்கவில்லை. விடிய விடியப் புதுப் படிவங்களை நிரப்பினார், புது செக் எழுதினார், சனிக்கிழமை காலையில் டெக்சஸுக்கு விமானம் ஏறினார். மனுக்கள் போய்ச் சேருகிற முகவரி அங்கே இருந்தது. நேரில் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றார். நேரில் வாங்கமாட்டார்கள் என்று அவர்களுடைய இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. அவருக்கும் தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருக்குத் தெரியும், யாராவது ஒரு புண்ணியவான் வாங்கிக்கொண்டால்? அன்றைக்குக் காலண்டரையும் பார்க்கவில்லை, ஆப்பையும் பார்க்கவில்லை.

மதியம் அங்கிருந்து கூப்பிட்டார். பின்னால் வண்டிகள் ஓடுகிற சத்தம்.

"ஒரு பெரிய பில்டிங் இருக்கு. போர்டு இல்ல. வாசல் எதுன்னே தெரியல. சுத்திச் சுத்தி வந்தேன்" என்றார்.

ஒரு வயதான காவலாளி வந்து பேசினாராம். இங்கே வெறும் தபால்தான் வரும் ஐயா, நீங்கள் பேசுவதற்கு உள்ளே ஒருவரும் கிடையாது என்று சொல்லித் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவர்மேல் இருந்த கோபம் அந்த நேரத்துக்கு எங்கோ போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது, இன்னமும் வந்து வந்து போகிறது. அந்தக் கவரை அங்கேயே ஒரு கடையில் அனுப்பிவிட்டு வந்தார். அதுவும் திரும்பி வந்தது.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டணம் மாறிவிட்டது, அதில் ஒரு குழப்பம் என்று சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார், காரில் உட்கார்ந்திருந்தது, லாரி போனது, எதற்காகக் காத்திருந்தோம் என்பது வரை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ராகு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது, அவள் போனில் தேடிப் படித்தாள். படித்துவிட்டு, அப்பா, அது நிஜமான கிரகம்கூட இல்லையே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். கனடாவுக்குப் போட்டுப் பாருங்கள் என்றார் ஒருவர். மாணவர் விசாவுக்கு மாற்றி, படிப்பு முடிந்ததும் வேலை விசா வாங்கிக்கொள்ளலாமே என்றார் இன்னொருவர். அந்த வேலை விசாவுக்கே குலுக்கல், அதன் கட்டணமும் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. மளிகைக் கடையில் பார்த்த ஒரு ஆன்ட்டி என்னைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போய் முருங்கைக்காய் பக்கத்தில் நிறுத்தினார்.

"சிட்டிசன் பையனா பாத்து சட்டுனு கட்டி வெச்சிடு. பொறந்தநாளுக்கு முன்னாடி முடிச்சிடலாம். என் பொண்ணு ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் பண்ணாங்க" என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேனோ என்று பயந்து, வாங்கியதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யார் இங்கே பிறந்தவன், யார் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்று. பெற்ற பெண்ணைப் பற்றி அப்படி யோசிக்கிற அளவுக்குப் போயிருந்தேன். எந்த அம்மாவும் அந்த இடத்துக்கு வரக்கூடாது.

கடைசியில் மாணவர் விசாதான். அவள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆபீஸ் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷமாக அதன் வாசலைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போயிருக்கிறாள், உள்ளே போனதில்லை. அங்கே அவளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். பனிக்காலத்தில் என்ன உடுத்துவது, அமெரிக்கர்களோடு எப்படி நட்பாகப் பழகுவது, வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குவது என்று விளக்குகிற புத்தகங்கள் அதில் இருந்தன. அதை என்னிடம் காட்டிச் சிரித்தாள். பல நாள் கழித்து அவள் சிரித்தது அதற்குத்தான். பையைக் குப்பையில் போடாமல் பரணில் வைத்தாள்.

விசா மாற்றத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். படிப்பு முடிந்ததும் என் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன், அங்கே எனக்கு வீடும் உறவும் இருக்கின்றன, அமெரிக்காவில் தங்கும் எண்ணம் எனக்கு இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். இந்தியாவில் நிரந்தர முகவரி ஒன்றும் எழுதவேண்டும். எங்களுக்கு அங்கே வீடு கிடையாது. வரும்போதே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். அவள் அந்த ஊரை ஒன்பது வயதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அப்போதும் வெயில் தாங்காமல் கொப்புளம் வந்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வீடு என்று அவள் சொன்னது ஜெர்சி சிட்டியை.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கடிதத்தை எழுத இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இவர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வருகிறார். அவள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே போனாள். நன்றாக எழுதுவாள், பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியவள். இந்தியாவோடு எனக்குள்ள பந்தம் என்று ஒரு பத்தி. அதைப் படித்துக் காட்டியபோது எனக்கே உண்மை மாதிரி இருந்தது. முகவரி எழுதவேண்டிய இடத்தில் நின்றாள். தம்பி வீட்டு முகவரியைச் சொன்னேன். தெருவின் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தட்டினாள்.

நான் எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும் பெண். அன்றைக்குத் தமிழில் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"அம்மா, மாமா வீட்ல எனக்கு நிஜமா இடம் இருக்கா?"

தம்பி வீடு இரண்டு அறை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். ஆனாலும் அவன் இவளை விட்டுவிடமாட்டான், ஹாலில் ஒரு கட்டில் போட்டாவது வைத்துக்கொள்வான். பிறப்புச் சான்றிதழுக்காக அத்தனை நாள் அலைந்தவன். பயப்படாதே, உனக்கு எங்கேயும் இடமில்லாமல் போகாது என்று அவளுக்குத் தைரியம் கொடுக்க நினைத்தேன்.

"இருக்கு கண்ணு" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். மனு திரும்பி வந்தபோது அழாதவள், ராகுவைப் பற்றிக் கேட்டபோது அழாதவள், அப்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள்.